வழி கேட்டால் எண் சொல்லும் ஊர்

2016-ஆம் ஆண்டு மே மாதம், கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் உள்ள இந்தியன் ஹெட் என்ற சிற்றூருக்கு வேலைக்காக வந்து சேர்ந்தபோது, மண்ணைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் இருந்தது. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசலில் மானாவாரி வெள்ளாமை செய்த குடும்பம் எங்களுடையது. மழை விட்ட மறுநாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே தெரிந்துவிடும். ரெஜைனா நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில், நாட்டின் குறுக்கே ஓடும் நெடுஞ்சாலையை ஒட்டி, சுமார் 1,900 பேர் வாழும் இந்த ஊரைச் சுற்றியிருப்பதும் கோடையில் வெடித்து மழையில் ஒட்டும் அதே மாதிரியான கனத்த களிமண்தான். வந்த மூன்றாவது வாரத்தில் அந்த எண்ணத்தோடு என் காரும் சேர்ந்து சேற்றில் இறங்கியது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாள் பெய்த மழை காலையில்தான் விட்டிருந்தது. ஊரைச் சுற்றிப் பார்க்கும் ஆசையில், சரளை கொட்டிய சாலையை விட்டு, சரளை இல்லாத ஒரு மண் பாதையில் காரைத் திருப்பினேன். முந்நூறு அடி போவதற்குள் சக்கரங்கள் சுழன்றனவே தவிர வண்டி நகரவில்லை. இறங்கிப் பார்த்தால், சக்கரத்துக்கும் அதன் மேலுள்ள தகட்டுக்கும் இடையே கொழுக்கட்டை மாவைத் திணித்ததுபோல் மண் அடைத்துக்கொண்டிருந்தது. வேலையிடத்தில் என் மேலாளராக இருந்த அம்மையாருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். பச்சை வயல், ஓர் உலோகக் குதிர், தூரத்தில் ஒரு மரவரிசை என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. நான் சொன்ன அடையாளம் அந்த மாகாணத்தின் தென்பாதி முழுவதற்கும் பொருந்தும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கடைசியாகக் கடந்த சந்திப்பு எது, ஊரிலிருந்து எத்தனை மைல் தெற்கே, எத்தனை மைல் கிழக்கே என்று அடுத்தடுத்துக் கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் விடையில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து, அவர் யார் யாரிடமோ விசாரித்து அனுப்பிவைத்த எழுபது வயது உழவர் ஒருவர் டிராக்டரோடு வந்து, சங்கிலி பூட்டிக் காரை வெளியே இழுத்துப் போட்டார். பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அதற்குப் பதிலாகச் சேறு அப்பியிருந்த என் கார்க் கதவில் விரலால் ஒரு சதுரம் வரைந்தார். அதற்குள் ஆறுக்கு ஆறாக முப்பத்தாறு கட்டங்கள் போட்டு, தென்கிழக்கு மூலையில் 1 என்று எழுதி, மேற்கு நோக்கி 6 வரை போய், அதற்கு மேல் வரிசையில் 7 எழுதித் திரும்பக் கிழக்கு நோக்கி வந்து, இப்படியே மாறி மாறி ஏறி வடகிழக்கு மூலையில் 36-இல் முடித்தார். ஏர் மாடு ஒரு சால் ஓட்டித் திரும்பி அடுத்த சால் வருவதைப் போன்ற வரிசை அது. உழவன் வீட்டுப் பிள்ளைக்கு அதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சமவெளிக்குப் புதிதாக வருபவர் முதலில் கற்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான் என்று இப்போது அடித்துச் சொல்வேன். ஒவ்வொரு கட்டமும் ஒரு செக்‌ஷன், அதாவது ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். முப்பத்தாறு செக்‌ஷன் சேர்ந்தது ஒரு டவுன்ஷிப். கால் பகுதி, செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் (டவுன்ஷிப்களின் நெடுவரிசை எண்), மெரிடியன் (அந்த வரிசைகளை எண்ணத் தொடங்கும் தீர்க்கக்கோடு) என்று ஐந்து விவரங்களைச் சொன்னால் ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ நேரே வந்து நிற்கும். என் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எங்கள் மனையின் எண்ணையும் நான் அடிக்கடி போகும் நான்கு பண்ணைகளின் எண்களையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். மழை பெய்தால் இரண்டு வெயில் நாள் கடக்காமல் மண் பாதைப் பக்கம் போவதில்லை என்பதும் அன்று எடுத்த முடிவுதான்.

இந்த எண்களுக்குள் ஊரின் வரலாறும் ஒளிந்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி, 10 டாலர் கட்டணம் செலுத்தி, மூன்று ஆண்டு குடியிருந்து, நிலத்தைத் திருத்திப் பயிர் செய்து காட்டிய குடியேறிக்கு ஒரு கால் செக்‌ஷன் சொந்தமானது. அப்படிக் கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் இரட்டைப்படை எண்கள். ஒற்றைப்படை எண்கள் ரயில்பாதை போட்ட கனடியன் பசிபிக் கம்பெனிக்குப் போயின. 11-உம் 29-உம் பள்ளிக்கூடங்களுக்கு நிதி திரட்ட ஒதுக்கப்பட்டன. 8-ஆம் எண்ணும் 26-ஆம் எண்ணின் பெரும்பகுதியும் தோல் வணிகம் செய்துவந்த ஹட்சன் பே கம்பெனிக்குரியவை. வயதானவர்கள் சிலர் ஒரு வயலைக் காட்டி அது பள்ளிக்கூட நிலம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டங்களைப் போடுவதற்கு முன்பு நிலம் வெறுமையாகக் கிடக்கவில்லை. 1874 செப்டம்பரில், இங்கிருந்து வடக்கே உள்ள ஃபோர்ட் கப்பெல் என்னுமிடத்தில், கிரீ, சோத்தோ முதலிய பூர்வகுடித் தலைவர்களோடு நான்காம் உடன்படிக்கை கையெழுத்தானது. அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே காட்டெருமை அற்றுப்போனது. 1882-83-இல் நகோடா என்ற பூர்வகுடி மக்களைத் தொலைவிலுள்ள சைப்ரஸ் குன்றுகளிலிருந்து பெயர்த்து இந்தப் பகுதிக்கு அனுப்பினார்கள். பசியிலும் நோயிலும் பலர் மடிந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அருகிலேயே கேரி த கெட்டில் என்ற தங்கள் ஒதுக்கீட்டு நிலத்தில் வாழ்கிறார்கள். ஊரில் நடக்கும் நூற்றாண்டுப் பேச்சுகள் பெரும்பாலும் 1882-இல் ரயில் வந்ததிலிருந்தே தொடங்குவது எனக்கு நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. என்னோடு வேலை பார்த்த நகோடா இளைஞர் ஒருவர், தொடங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பவன்தான் கதையையும் தேர்ந்தெடுக்கிறான் என்று ஒரு தேநீர் இடைவேளையில் போகிறபோக்கில் சொன்னார்.

ரயில் வந்த அதே ஆண்டில் மேஜர் வில்லியம் பெல் என்பவர் 50,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தைக் கம்பெனிப் பண்ணையாக்கினார். பத்தாண்டுக்குள் அது நொடித்துப்போனது. அவர் கட்டிய வட்டவடிவக் கல் தொழுவத்தை ஊர்க்காரர்கள் மீட்டுக் கட்டி 2010-இல் திறந்தார்கள். ஆனால் அந்தப் பெரும்பண்ணையைவிட, 1885-இல் தற்செயலாக நடந்த ஒரு செயல்தான் சமவெளி முழுவதையும் மாற்றியது. பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மேட்டிஸ் மக்களின் கிளர்ச்சியை அடக்க வந்த படைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லக் குதிரைகளும் ஆட்களும் போய்விட்டதால், அந்த வசந்தத்தில் பல வயல்கள் விதைக்கப்படாமல் தரிசாகக் கிடந்தன. அடுத்த ஆண்டு கடும் வறட்சி. மற்ற வயல்கள் காய்ந்தபோது, ஓராண்டு சும்மா கிடந்த வயல்களில் மட்டும் கோதுமை தேறியது. ஓராண்டின் மழையை மண்ணுக்குள் பூட்டிவைத்து அடுத்த ஆண்டு செலவழிப்பதாகிய இந்த முறையை, 1887-இல் இவ்வூரில் தொடங்கிய அரசு சோதனைப் பண்ணையின் முதல் கண்காணிப்பாளர் ஆங்கஸ் மக்கே பரப்பினார். ஆண்டு முழுவதற்கும் மழையும் பனியும் சேர்ந்து 400 மில்லிமீட்டர் அளவில்தான் கிடைக்கும் இடத்தில் அது உயிர் காத்த யோசனை. எங்கள் கரிசலில் பெய்வதில் பாதியைச் சற்றே தாண்டும் அளவு அது.

அதே யோசனை பின்னால் கழுத்துக்குக் கத்தியாகவும் வந்தது. களை எழும்பாமல் இருக்கத் தரிசை உழுது உழுது மாவாக்கியதால், 1930-களின் வறட்சியில் காற்று அடித்தபோது மேல்மண் புழுதியாகப் பறந்தது. எல்லாம் பறந்தும் மறையாத வழக்கத்தை, 1980-களில் இதே ஊரைச் சேர்ந்த ஜிம் ஹால்ஃபோர்ட் என்ற உழவர் போன்றவர்கள் மாற்றினார்கள். உழாமலேயே, முன் ஆண்டு அறுத்த தாளின் ஊடே விதையையும் உரத்தையும் ஒரே ஓட்டத்தில் இறக்கும் இயந்திரம் ஒன்றை அவர் தம் பட்டறையில் உருவாக்கினார்; 2007-இல் ஜான் டியர் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. தரிசைக் கற்றுக்கொடுத்த ஊரே தரிசை மறக்கவும் வழி கண்டது என்பதை நான் யாருக்கும் பெருமையாகச் சொல்வேன். ஊருக்கு முதலில் வந்தபோது உழாத வயல்களைப் பார்த்து, இவர்கள் என்ன சோம்பேறிகள் என்று என் தந்தைக்குத் தொலைபேசியில் சொன்னதையும் மறைக்க விரும்பவில்லை.

என் வேலை தானிய எலிவேட்டரில். எலிவேட்டர் என்றதும் மாடிக்குப் போகும் மின்தூக்கியை நினைத்துக்கொள்ள வேண்டாம். லாரியில் வரும் தானியத்தை எடைபோட்டு, தரம் பார்த்து, வாளிப் பட்டையால் உயரே தூக்கிக் குதிர்களில் கொட்டி, பிறகு ரயில் பெட்டிகளில் இறக்கும் கோபுரத்துக்கு இங்கே அதுதான் பெயர். குதிரை வண்டி ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்கு ஒன்றாக, எட்டு பத்து மைலுக்கு ஓர் ஊரும் ஊருக்குச் சில மர எலிவேட்டர்களுமாக, 1930-களில் சமவெளியெங்கும் 5,700-க்கு மேல் நின்றன. லாரியும் நல்ல சாலையும் வந்தபின் அந்தத் தூரக் கணக்கு செல்லாக்காசானது. கிளை ரயில்பாதைகளைப் பிடுங்கினார்கள். மரக் கோபுரங்களை இடித்துவிட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய கான்கிரீட் நிலையங்களைக் கட்டினார்கள். எலிவேட்டர் போன ஊரில் அடுத்து அஞ்சலகம் போகும், பிறகு பள்ளிக்கூடம் போகும். பெயர்ப்பலகையும் கல்லறைத் தோட்டமும் மட்டும் மிஞ்சிய ஊர்களை நாற்பது கிலோமீட்டருக்குள் பல இடங்களில் பார்க்கலாம்.

முதல் அறுவடைக் காலத்தில் எனக்கு நடந்த ஒரு சிறுமையைச் சொல்ல வேண்டும். ஓர் உழவர் கோதுமை லோடு கொண்டுவந்தார். மாதிரி எடுத்துச் சல்லடையில் சலித்துத் தூசு தும்புக் கழிவைக் கணக்கிட்டு, பனி தாக்கிச் சுருங்கிய மணிகளை எண்ணி, இரண்டாம் தரம் என்று எழுதினேன். அவர் அமைதியாக, எனக்கு உடன்பாடில்லை, மாதிரியைக் கனடா தானிய ஆணையத்துக்கு அனுப்புங்கள் என்றார். என் நேர்மையைச் சந்தேகிக்கிறார் என்று எனக்கு முகம் சிவந்துவிட்டது. மேலாளர் அம்மையார் ஒரு சொல்லும் பேசாமல் மாதிரியைப் பைகளில் அடைத்து முத்திரையிட்டார். லாரி போனபிறகுதான், அது சந்தேகம் அல்ல, உரிமை என்று எனக்கு விளக்கினார்.

அந்த உரிமைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1901-இல் விளைச்சல் அபாரம். ரயில் பெட்டிகளோ போதவில்லை. இருந்த பெட்டிகளையும் எலிவேட்டர்களுக்கே ஒதுக்கினார்கள். எடையிலும் தரத்திலும் எலிவேட்டர்காரர் வைத்ததுதான் சட்டம். தானாகவே பெட்டி கேட்டுத் தானியம் ஏற்ற உழவனுக்குச் சட்டத்தில் உரிமை இருந்தும் நடைமுறையில் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில், அக்கம்பக்கத்து உழவர்கள் குளிரில் வண்டி கட்டிக்கொண்டு இந்தியன் ஹெட்டில் கூடி, அபர்னெத்தியைச் சேர்ந்த டபிள்யூ. ஆர். மதர்வெல்லைத் தலைவராகக் கொண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். மறு ஆண்டே, கிழக்கே அடுத்த ஊரான சிண்டலூட்டாவின் ரயில் நிலைய முகவர் வரிசைப்படி பெட்டி ஒதுக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். முகவருக்கு 50 டாலர் அபராதம் விழுந்தது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. தொகை சிறிதுதான். ஆனால் அன்றுமுதல், பெட்டி கேட்டவர் பெயரைப் பதிவேட்டில் எழுதி வரிசைப்படிதான் கொடுத்தாக வேண்டும் என்றானது. எலிவேட்டரை நாடாமல் உழவர் தாமே ரயில் பெட்டி பிடிக்கும் உரிமையும், தரத்தில் பிணக்கு வந்தால் நடுவரிடம் மாதிரி அனுப்பும் உரிமையும் இன்றளவும் தானியச் சட்டத்தில் இருக்கின்றன.

ஆணையத்தின் முடிவு வந்தது. தரம் நான் சொன்னதுதான். கழிவு மட்டும் நான் போட்டதைவிடக் குறைவு. வித்தியாசத்துக்கான காசோலையை வாங்க வந்த அந்த உழவர், பொறுப்பாகச் செய்கிறீர்கள் என்று சொல்லி என் கையைக் குலுக்கினார். அதன்பின் எந்த லோடு வந்தாலும், உழவரை உள்ளே அழைத்துச் சல்லடையையும் தராசையும் அவர் கண்முன்னே வைத்தே பார்க்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிற நம்மவர்களுக்கு நான் சொல்லும் யோசனையும் இதுதான்: இங்கே மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு அல்ல, மறுத்தவர் மாலையில் உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவார்.

சாப்பாடு என்றதும் காபிக் கடை நினைவுக்கு வருகிறது. காலை ஏழு மணிக்கெல்லாம் அரை டஜன் முதியவர்கள் ஒரே மேசையில் கூடுவார்கள். அதற்குக் காபி வரிசை என்று பெயர். மழை, விலை, யாருடைய வயலில் சால் கோணல் என்பதெல்லாம் அங்கேதான் தீர்ப்பாகும். நான் அந்த மேசையில் உட்கார ஓராண்டு ஆனது. எழுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். யாரையும் பெயர் சொல்லாமலே நெடுநாள் சமாளித்தேன். 2017 நவம்பரில் இந்தியா பட்டாணிக்கு 50 சதவீதமும், டிசம்பரில் மைசூர் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் 30 சதவீதமும் இறக்குமதி வரி விதித்தபோது, காபி வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. கனடாவில் விளையும் மைசூர் பருப்பில் மிகப்பெரும் பங்கு இந்த மாகாணத்தில் விளைவது; அதை நிறைய வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் நாமும் உண்டு. டெல்லியில் யாரோ போட்ட வரிக்கு நான் ஒருவன் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல மழை பெய்து எங்கள் ஊர்ப்பக்கம் பருப்பு விலை விழுந்தால் அங்குள்ள உழவனுக்கு என்ன ஆகும் என்பதை என் தந்தையின் கதையைக்கொண்டே சொன்னேன். யாருக்கும் அது பிடிக்கவில்லை; ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. அடுத்த நாள் எனக்கென்று ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

குளிர்காலத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள் என்பதால், எனக்குப் பயன்பட்டதை மட்டும் சொல்கிறேன். காரின் முன்பக்கம் தொங்கும் மின்வடம் அலங்காரம் அல்ல. எஞ்சினைச் சூடாக வைக்கும் அந்த வடத்தை, குளிர் மைனஸ் 15-க்குக் கீழே இறங்கும் இரவுகளில் மின்இணைப்பில் செருக வேண்டும். இரவு முழுவதும் ஓடவிட்டால் மின்கட்டணம்தான் ஏறும், கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு தானே இயங்கும்படி ஒரு டைமர் வைத்தால் போதும். வண்டியில் கம்பளி, மண்வாரி, தகர டப்பாவுக்குள் மெழுகுவத்தி, தீப்பெட்டி, சாக்லேட் ஆகியவை நவம்பர் முதல் ஏப்ரல் வரை இருந்தே ஆக வேண்டும். பனிப்புயலில் சிக்கினால் வண்டியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. பண்ணை வீட்டு விளக்கு பக்கத்தில் தெரிவதுபோல் இருக்கும், ஆனால் இந்தச் சமவெளியில் விளக்கு ஐந்து மைலுக்கு அப்பாலிருந்தும் பக்கத்தில்தான் தெரியும். புகைக்குழாயை மூடும் பனியை அவ்வப்போது அகற்றிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டிக் காத்திருக்க வேண்டும். எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினால் நீங்களும் தூக்குங்கள்; பள்ளத்தில் கிடக்கும் உங்கள் காரை அடையாளம் காணப்போகிறவர் அவராக இருக்கலாம்.

ஊரின் தீயணைப்புப் படையில் இருப்பவர்கள் மற்ற நேரத்தில் மின்பணியாளரும் ஆசிரியரும் உழவருமாக இருப்பவர்கள். கர்லிங் ஆடும் பனித்தளத்தின் சமையலறையில் முறை வைத்து வேலை செய்கிறோம். இலையுதிர் காலத்தில் வான்கோழி விருந்து நடத்திச் சேரும் பணத்தில் கூரை ஒழுகலைச் சரிசெய்கிறோம். முதல் ஆண்டு என்னை அழைத்தபோது விருந்தாளி என்று நினைத்துக் கையை வீசிக்கொண்டு போனேன். உருளைக்கிழங்கு உரிக்கும் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். இப்போது என் மனைவி வைக்கும் எலுமிச்சைச் சாதத்துக்கு அந்த மேசையில் நிலையான இடம் உண்டு.

என்னைச் சேற்றிலிருந்து இழுத்த உழவரின் நிலத்தை நான் தினமும் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். அவருடைய தாத்தா நட்ட கரகானா என்ற குறுமர வரிசை ஒன்று அந்தச் சாலையை ஒட்டி ஒரு மைல் நீளத்துக்கு நின்றிருந்தது. இவ்வூரின் அரசு நாற்றுப் பண்ணை 1900-களின் தொடக்கத்திலிருந்து, காற்றைத் தடுக்க உழவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த 60 கோடிக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளில் சில அவை. ஜூலை வெயிலில் அவற்றின் காய்கள் பட் பட்டென்று வெடிப்பது, கடுகு தாளிக்கும் சத்தம்போல் கேட்கும். 2013-இல் அந்த நாற்றுப் பண்ணையிலிருந்து அரசு விலகிக்கொண்டது. சராசரிப் பண்ணையே 1,700 ஏக்கரைத் தாண்டும் இந்தக் காலத்தில், அறுபது எழுபது அடி அகல விதைப்பு இயந்திரம் திரும்புவதற்கு மரங்கள் இடைஞ்சல். உழாத நிலத்தில் மண்ணும் முன்போல் பறப்பதில்லை. மூன்று ஆண்டுக்கு முன் அவர் அந்த வரிசையைப் பிடுங்கிக் குவித்து எரித்தார். வருத்தமில்லையா என்று கேட்டேன். வீட்டைச் சுற்றி இருப்பதைத் தொடமாட்டேன் என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு மைலில் இப்போது பனி தங்குதடையில்லாமல் சாலைக்குக் குறுக்கே ஏறுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே வந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்.